மாதிரி வீட்டுப் பார்வையாளர்கள்

செங்கம்மாள் வீட்டில் எட்டுப் பேரும் படுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். மகனும் மருமகளும் அறைக்குள். அவர்களுடைய பிள்ளைகள் இரண்டும் அறை வாசலில், கால் உள்ளே, தலை வெளியே. கூடத்தில் சுவரோரம் மாமனார், அவருக்கு அடுத்து பிளஸ் டூ படிக்கும் சின்ன மகள், அவளுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் செங்கம்மாள். அவள் புருஷன் கணேசன் சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு விடிந்ததும் வருவார். அவர் வருவதற்குள் யாராவது ஒருவர் எழுந்துவிட வேண்டும். அந்தச் சூடு ஆறாத இடத்தில் அவர் படுத்துக்கொள்வார்.

பழவேற்காட்டு ஏரியோரம் இருந்த அவர்களுடைய குப்பத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டபோது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருந்த இந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அரசாங்கம் வீடு கொடுத்தது. அப்போது மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, போதுமானதாக இருந்தது. செங்கம்மாள் பிழைப்பை மாற்றிக்கொள்ளவில்லை. இப்போதும் காலையில் ஷேர் ஆட்டோவில் பழவேற்காடு போய் இறாலும் மடவையும் வாங்கி வந்து, ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் கூடையை இறக்குவாள். பேரம் பேசுகிறவனைப் பார்த்தே எவ்வளவுக்குப் படிவான் என்று சொல்லிவிடுவாள். அவளை யாரும் சுலபத்தில் ஏமாற்றியதில்லை. ஆனால் அதுவரை அவள் அரசாங்க அலுவலகம் எதற்கும் போனதில்லை.

போகவைத்தது மூத்த மகள் பூமிகா. பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்த பெண். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். வளைகாப்புத் தேதி பேசப் போன் செய்தபோது சம்பந்தியம்மா சொன்னாள்: "உங்க ஊட்ல எடம் பத்தாதுன்னா சொல்லிடுங்கம்மா. நாங்களே வெச்சு பாத்துக்கிறோம். இதுல இன்னா கீது."

இதில் என்ன இருக்கிறது என்று செங்கம்மாளுக்குத் தெரியும். காலத்துக்கும் சொல்லிக் காட்ட ஒரு பேச்சு இருக்கிறது.

அவர்கள் குடியிருந்தது பி பிளாக். அதற்கு எதிரிலேயே சி பிளாக், நான்கு மாடி, வேலை முடிந்து இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதம்கூட உரிக்கப்படவில்லை. ஒதுக்கீட்டு ஆணைக்குக் காத்திராமல் புறாக்கள் மட்டும் குடியேறியிருந்தன. அதில் ஒரு வீடு கேட்போம் என்று செங்கம்மாள் கிளம்பினாள்.

வீட்டு நெரிசலைக் கவனிப்பதற்கென்றே திருவள்ளூரில் ஓர் அலுவலகம் இருந்தது. குடியிருப்பு நெரிசல் தணிப்பு இயக்ககம் என்று பெயர். கல்யாண மண்டபம் போன்ற பெரிய கூடத்தில் நான்கே மேசைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கூப்பிட்டால் காது கேட்காத தூரத்தில் போட்டிருந்தார்கள். நெரிசலைப் பற்றி நிதானமாக யோசிக்க இடம் வேண்டும் அல்லவா. கடைசி மேசையில் சரவணகுமார் என்ற உதவிப் பொறியாளர் இருந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் கேட்டார்.

"எட்டு பேரு கீறோம் சார். பொண்ணு வேற வருது. எதிர்லயே சி பிளாக் பூட்டிக்கினு கீது. அதுல ஒரு ஊடு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

"அம்மா, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். நெரிசலா இருக்குன்னு நீங்க சொல்லக் கூடாது. உள்ள இருக்கறவங்களுக்கு அது சரியாத் தெரியாது. வெளியிலேர்ந்து பார்த்து நாங்கதான் சொல்லணும்."

"சி பிளாக் காலியாத்தான சார் கீது?"

"காலின்னு சொல்லாதீங்க. அது தயார் நிலையில இருக்கு."

"யாருக்கு சார்?"

"நெரிசல்ல இருக்கறவங்களுக்கு."

"நாங்கதான் சார் அது."

"அதான் சொன்னேனேம்மா, அது இன்னும் முடிவாகலை."

செங்கம்மாள் தண்ணீரைக் குடித்துவிட்டு வேறு பக்கமாக வந்தாள். "கொழந்த பொறந்துடுச்சுன்னா பத்து பேராயிடுவோம். அதையாச்சும் கணக்குல வெச்சுக்கினு பாருங்க சார்."

சரவணகுமார் வருத்தத்தோடு தலையசைத்தார். "பிறக்காத ஆளுக்கு இடம் குடுத்தா தணிக்கையில கேப்பாங்க. பிறந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கு. மூணு சதுர அடிக்குக் கீழ இடம் பிடிக்கறது எதையும் நாங்க ஆள்னு எடுத்துக்கறதில்லை. சாமான்னுதான் எடுத்துப்போம். எதுக்கும் குழுவை அனுப்பறேன். நேர்ல பார்த்துட்டா எல்லாம் தெளிவாயிடும்."

குழு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. சரவணகுமாரோடு சேர்த்துப் பதினொரு பேர். அளப்பதற்கு இரண்டு பேர், அளந்ததை எழுத ஒருவர், எழுதியதைச் சரிபார்க்க ஒருவர், படம் எடுக்க ஒருவர், சமூக நோக்கில் பார்க்க ஒரு அம்மாள், மீதிப் பேர் மற்றவர்கள் வந்ததால் வந்தவர்கள். கணேசன் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தார். அவரை எழுப்பி நிற்கச் சொன்னார்கள்.

"படுத்திருக்கறவர் நாலு மடங்கு இடம் எடுக்கறார் சார்," என்றார் அளந்தவர்.

"எழுதிக்கோங்க. குடியிருப்போரின் பழக்கவழக்கமே நெரிசலுக்குக் காரணம்," என்றார் சரவணகுமார்.

பிறகு அவர் நிமிர்ந்து விட்டத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஒன்பது அடி உயரம். நீங்க அடியில ஒண்ணரை அடியிலதான் படுக்கறீங்க. மேல ஏழரை அடி சும்மா கிடக்கு. அரசாங்கம் கட்டிக் குடுத்ததுல ஆறுல ஒரு பங்கை மட்டும் உபயோகிச்சுட்டு இடம் போதலைன்னா எப்படிம்மா?"

"மேல எப்டி சார் படுக்கறது?"

"அது குடியிருப்பவர் பொறுப்பு."

உண்மை நிலை தெரிய வேண்டும் என்று வீட்டிலுள்ள எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தார்கள், மகன் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தான். குழுவும் உள்ளேதான் இருந்தது. மாமனாரைக் குளியலறை வாசலிலும் சமூக நோக்கு அம்மாளைச் சமையல் மேடையிலும் உட்காரவைத்தபின் கதவைச் சாத்த முடிந்தது. படம் எடுப்பவர் பீரோமேல் ஏறிக்கொண்டு ஒரு படம் எடுத்தார். சரவணகுமாரின் மூக்கு கணேசனின் தோளில் பதிந்திருந்தது. அந்த நிலையிலேயே அவர் எண்ணினார். பத்தொன்பது பேர். யாருக்கும் மயக்கம் வரவில்லை.

வெளியே வந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முடிவைச் சொன்னார். "இந்த வீட்டோட கொள்ளளவு பத்தொன்பதுன்னு கண்கூடாத் தெரிஞ்சுபோச்சு. நீங்க இருக்கறது எட்டு. இன்னும் பதினொரு பேருக்கு இடம் இருக்கு. உண்மையைச் சொல்லணும்னா, உங்க வீடு பாதிக்கு மேல காலி."

செங்கம்மாள் கணேசனைப் பார்த்தாள். அவர் நின்ற வாக்கில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் குடியிருப்பு வளாகத்தில் பந்தல் போட்டு, செங்கம்மாளை மேடைக்கு அழைத்து, நெரிசலின்மைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். கைதட்டச் சொன்னதால் எல்லோரும் தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது சரவணகுமார் அவள் காதோரம் குனிந்து, "அந்தப் பதினொரு இடத்துல வேற குடும்பத்தைப் போடலாமான்னு மேல பேச்சு நடந்தது. நான்தான் உங்க நல்லதுக்குத் தடுத்து வெச்சிருக்கேன்," என்றார். அன்றிலிருந்து யாராவது கதவைத் தட்டினால், யார் என்று கேட்காமல் அவள் திறப்பதில்லை.

சான்றிதழோடு ஒரு பயிற்சியும் இருந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்றுநர், பளிச்சென்ற சேலை கட்டிய ஒரு பெண்மணி, எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "நெரிசல் என்பது இடத்தில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது. உங்களைச் சுற்றிப் பச்சை வயல். காற்று. தூரத்தில் ஒரு கொக்கு. இப்போது உங்கள் பக்கத்தில் யாரும் இல்லை."

"கண்ணத் தொறந்தா இருப்பாங்களே மேடம்," என்றார் கணேசன்.

"திறக்காதீர்கள்," என்றார் அந்த அம்மையார்.

இத்தனைக்குப் பிறகும் மக்கள் மனுக் கொடுப்பதை நிறுத்தவில்லை. இயக்ககம் ஆழ்ந்து யோசித்தது. நெரிசல் இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் மக்கள் நெரிசலில் வாழ்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. உடனே சி பிளாக்கின் தரைத்தளத்தில் ஒரு வீட்டை மட்டும் திறந்து, மாதிரி வீடு ஆக்கினார்கள். மெத்தை போட்ட கட்டில், மின்விசிறி, பூப்போட்ட திரை, மேசையில் பிளாஸ்டிக் ஆப்பிள்கள், ஒரு தொட்டில், தொட்டிலில் ஒரு பொம்மை. வாசலில் பெரிய போர்டு: பொதுமக்கள் பார்வைக்கு. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அனுமதி. நுழைவு இலவசம்.

காவலுக்கு அந்தோணியைப் போட்டார்கள். பி பிளாக்கில் செங்கம்மாளுக்கு மேல்வீட்டுக்காரர், அவர் வீட்டிலும் ஏழு பேர். வந்தவர்களின் எண்ணிக்கையை அவர் தினமும் சாயங்காலம் சரவணகுமாருக்குப் போனில் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுக்க ஒரே எண்ணைத்தான் சொன்னார். பூஜ்யம். சரவணகுமாருக்கு மேலிடத்தில் பேச்சு விழ ஆரம்பித்தது.

வளைகாப்பு முடிந்து அழைத்துவந்திருந்த பூமிகாவுக்கு அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மருமகள் போன் செய்தாள். "அத்த, ரெண்டு பசங்களுக்கும் ஒடம்பெல்லாம் கொப்புளமாக் கீது. அம்ம போட்டுட்ச்சி. வேப்பல சொருவிட்டேன்."

செங்கம்மாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பக்கத்தில் மகள், மடியில் பூத்துண்டில் சுற்றிய சிசு. அம்மை வீட்டுக்குள் பச்சைக் குழந்தையைக் கொண்டுபோக முடியாது. தனியாக வைக்க அங்கே மூலை என்று ஒன்று கிடையாது. பள்ளிப்பட்டுக்கு அனுப்பினால் பச்சை உடம்புக்காரி மூன்று மணி நேரம் பஸ்ஸில் குலுங்க வேண்டும், சம்பந்தியம்மா வாசலிலேயே நின்று வரவேற்பாள். சாலையின் இருபுறமும் கம்பெனிச் சுவர்களாகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே எத்தனை ஏக்கர் வெறுமனே புல் முளைத்துக் கிடந்தது. அழுகை வந்தது. மகள் பார்த்துவிடக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள். வளாகத்துக்குள் நுழைந்ததும் டிரைவர் பி பிளாக் பக்கம் திருப்பப் போனார்.

"சி பிளாக்காண்ட வுடுப்பா," என்றாள் செங்கம்மாள்.

அந்தோணி நாற்காலியிலிருந்து எழுந்தார். "இன்னாக்கா, பச்ச ஒடம்புக்காரியை இங்க இட்டுனு வர்ற?"

"ஊட்டப் பாக்க வந்தோம். போர்டு போட்டுக்கீறீங்களே."

"அட, பாரு, பாரு. மொத ஆளு நீதான்."

"பொண்ணால நிக்க முடியாது. அது படுத்துக்கினு பாக்கும்."

படுத்துக்கொண்டு பார்க்கக் கூடாது என்று அந்தோணிக்கு யாரும் சொல்லவில்லை. பூமிகா கட்டிலில் படுத்தாள். முதுகுக்கு மெத்தை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். செங்கம்மாள் பொம்மையை எடுத்து அலமாரிமேல் உட்காரவைத்துவிட்டு, பேத்தியைத் தொட்டிலில் போட்டாள். திரை அசைந்தது. அவள் அந்த வீட்டை உண்மையிலேயே பார்த்தாள். இரண்டு எட்டு வைத்தால் யாரையும் மிதிக்காமல் இருக்கக்கூடிய வீட்டைப் பார்த்து எத்தனை வருஷம்.

ஐந்து மணிக்கு அந்தோணி வாசலில் நின்று செருமினார். "அக்கா, டைம் ஆயிட்ச்சி."

"இன்னா டைமு?"

"அஞ்சு வரைக்குந்தான் அனுமதி."

"அனுமதின்னா உள்ள வர்றதுக்கு. அஞ்சுக்கு மேல யாரையும் உள்ள வுடாத. நாங்க உள்ளதான கீறோம்."

அந்தோணி போய்ப் போர்டை இரண்டு தடவை படித்தார். வெளியே போவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தன் வீட்டு ஏழு பேரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து குழந்தை பார்க்க ஆட்கள் வந்தார்கள். பி பிளாக் பெண்கள் வந்தார்கள், பழவேற்காட்டு உறவுகள் நண்டும் கருவாடும் கட்டிக்கொண்டு வந்தார்கள், மணவாள நகரிலிருந்து கணேசனின் தங்கை குடும்பம் ஒரு வேன் வைத்துக்கொண்டு வந்தது. பள்ளிப்பட்டுச் சம்பந்தியம்மாவும் வந்து, கட்டிலையும் திரையையும் மின்விசிறியையும் பார்த்துவிட்டு, பேச ஒன்றும் கிடைக்காமல் ஆப்பிளை எடுத்துக் கடித்துப் பார்த்துக் கீழே வைத்தாள். அந்தோணி நாணயமான மனிதர். தலைக்கு ஒன்றாக எண்ணிப் போனில் சொன்னார்.

திருவள்ளூரில் மகிழ்ச்சி கரைபுரண்டது. மாவட்டத்திலேயே, ஏன், மாநிலத்திலேயே இவ்வளவு பார்வையாளர்கள் எந்த மாதிரி வீட்டுக்கும் வந்ததில்லை என்று மேலிடத்திலிருந்து சரவணகுமாரைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டோடு அவர் நேரில் வந்து பார்த்தார். கொடியில் குழந்தைத் துணிகள். அடுப்பில் பூண்டுக் குழம்பு. தரையில் கணேசன், கையையும் காலையும் நன்றாகப் பரப்பிக்கொண்டு தூங்கினார்.

"என்னம்மா இது?"

"பாத்துக்கினு கீறோம் சார்."

"ஒரு வாரமாவா?"

"ஒரு தபா பாத்தா வெளங்கல சார்."

சரவணகுமார் அந்தோணியைத் தனியே இழுத்துப்போனார். "யோவ், வந்தவங்க வீட்டைப் பார்க்க வந்தாங்களா, குழந்தையைப் பார்க்க வந்தாங்களா?"

"கொழந்த ஊட்டுக்குள்ளதான சார் கீது. ஊட்டப் பாக்காம அத எப்டி பாக்கறது?"

குழந்தையை அனுப்பினால் எண்ணிக்கை போய்விடும். எண்ணிக்கை போனால் பாராட்டு போய்விடும். சரவணகுமார் வேப்பமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். அதற்குள் போன் வந்துவிட்டது. இயக்குநரே நேரில் வருகிறாராம். நாளைக் காலை. பத்திரிகைக்காரர்களோடு.

அவர் செங்கம்மாளிடம் கெஞ்சினார். "ஒரே ஒரு நாள் வீட்டுக்குப் போயிடுங்கம்மா. அவர் போனதும் வந்துடுங்க."

"அம்ம எறங்கல சார். பச்சப் புள்ளய அந்த ஊட்டுக்கு எப்டி இட்டுனு போறது? இஸ்துனு போயி போட்டாத்தான் போவோம்." அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மீன் அரியும்போது உட்காருகிற மாதிரி சப்பணம் போட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். சரவணகுமார் அன்று தூங்கியிருக்க மாட்டார்.

இயக்குநர் ஹேமநாத் உயரமானவர். குனிந்து உள்ளே வந்தார். கட்டிலில் தாய், தொட்டிலில் சேய், அடுப்படியில் செங்கம்மாள், தரையில் கணேசன். ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்தார். சரவணகுமாருக்கு வேர்த்துக்கொட்டியது.

"தத்ரூபம்," என்றார் இயக்குநர். "போன இடத்துல எல்லாம் வெறும் பொம்மைதான் வெச்சிருந்தாங்க. இந்த ஈரத்துணி யார் யோசனை?"

"நம்ம டீம் சார்," என்றார் சரவணகுமார்.

"அந்தப் பூண்டு வாசனை?"

"அதுவும் டீம்தான் சார்."

வெளியே மைக் வைத்திருந்தார்கள். பி பிளாக்கும் ஏ பிளாக்கும் திரண்டு நின்றன. செங்கம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். எப்படியும் இப்போது வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். துணிகளைக்கூட மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"இந்த சி பிளாக்கை இரண்டு ஆண்டுகளாக இயக்ககம் கண்ணின் மணியாகக் காத்து வருகிறது," என்று இயக்குநர் தொடங்கினார். "ஒரு சுவரில் கீறல் இல்லை. ஒரு குழாய் தேயவில்லை. ஒரு விளக்கு கெடவில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஒருவரையும் உள்ளே விடாததால் சாத்தியமாயிற்று. மற்ற துறைகள் வீடுகளைக் கட்டி மக்களிடம் கொடுத்துப் பாழாக்கிவிட்டன. அந்தத் தவறை நாங்கள் செய்யவில்லை. நெரிசலே இல்லாத குடியிருப்பு தமிழ்நாட்டில் உண்டா என்று கேட்கிறார்கள். இதோ இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறை இருந்தது. இவ்வளவு நல்ல வீடுகளில் ஏதோ ஒன்று இல்லையே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அது என்ன என்று இன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. உள்ளே போனேன். வீட்டுக்குள் ஒரு குடும்பம் இருந்தது. நண்பர்களே, வீட்டில் குடும்பம் இருந்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. இதே போல இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்தால் எவ்வளவு அழகாக இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள் சரவணகுமார், இது புது யோசனை."

கூட்டத்தின் பின்னாலிருந்து கணேசன் கையைத் தூக்கினார். "சார், அத இன்னொரு தபா சொல்லுங்க. பின்னால சரியாக் கேக்கல."

இயக்குநருக்கு மகிழ்ச்சி. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ஒவ்வொரு வீட்டிலும். ஒரு குடும்பத்தை. வைக்க வேண்டும்."

எல்லோரும் அந்தோணியைப் பார்த்தார்கள். அந்தோணி சரவணகுமாரைப் பார்த்தார். சரவணகுமார் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தோணி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். முதலில் போனது அவர் வீட்டுக்காரிதான், பாயும் குடமுமாக. பிறகு படிக்கட்டு முழுக்க ஆட்கள். மேலே புறாக்கள் படபடவென்று வெளியேறின. இயக்குநர் காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "மக்களோட ஆர்வத்தைப் பாருங்க. நடிக்கச் சொன்னா எவ்வளவு ஈடுபாடு," என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

சி பிளாக்கின் எல்லா வீடுகளும் சாயங்காலத்துக்குள் நிறைந்துவிட்டன. செங்கம்மாள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மகனும் மருமகளும் பிள்ளைகளும் மாமனாரும் பி பிளாக்கில், மற்றவர்கள் இங்கே. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள் வந்து தொட்டிலை ஆட்டினார்கள். சில சனிக்கிழமைகளில் வெளிமாவட்ட அதிகாரிகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இவர்கள் சாப்பிடுவதை வாசலில் நின்று பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். முதலில் செங்கம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அவர்களிடம் கருவாடு விற்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் சரவணகுமார் தனியாக வந்தார். பதவி உயர்வு கிடைத்திருந்தது, இனிப்புப் பொட்டலத்தோடு வந்திருந்தார். போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அம்மா, ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கணும். உங்களுக்கு இங்க ஒதுக்கீடு கிடையாது. நீங்க காட்சிக் குடும்பம், அவ்வளவுதான். கண்காட்சி முடிஞ்சா எல்லாரும் காலி பண்ணணும்."

அவள் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "கண்காட்சி எப்ப சார் முடியும்?"

"கட்டடத்துக்குத் திறப்பு விழா நடந்ததும் முடியும்."

"தொறப்பு விழா எப்ப?"

"தேதி கேட்டு மேல எழுதியிருக்கோம். அவங்க எப்ப பதில் எழுதுவாங்கன்னு..." அவர் கையை விரித்தார். "இப்பவே ரெண்டு வருஷம் ஆச்சு. நான் வேணும்னா கொஞ்சம் துரிதப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் போடட்டுமா?"

செங்கம்மாள் அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். முதன்முறையாக அந்த இயக்ககத்தின்மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

"அதெல்லாம் வாணாம் சார். பெரியவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கினு? பொறுமையா நல்ல நாளாப் பாத்து வெய்யட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய், பேத்தியைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள்.